நூறு வயதுக் கடிகாரம் எப்படி நேரம் தவறாமல் ஓடுகிறது?

உங்களிடம் ஜீன்ஸ் கால்சட்டை இருந்தால் அதன் வலப்பக்க முன்பையைத் தொட்டுப் பாருங்கள். பெரிய பையின் வாயருகே இன்னொரு குட்டிப் பை தைக்கப்பட்டிருக்கும். கைப்பேசி அதில் நுழையாது. சில்லறை போட்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு எதற்கு அந்தப் பை? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிலாளிகளுக்காக இந்தக் கால்சட்டையைத் தைத்தவர்கள், அவர்கள் பாக்கெட் கடிகாரம் வைத்துக்கொள்வதற்காகச் சேர்த்த பை அது. கடிகாரம் போய்விட்டது, பை மட்டும் தங்கிவிட்டது.

கடிகாரமும் முழுக்கப் போய்விடவில்லை. வால்தம், எல்ஜின், ஹாமில்டன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த பாக்கெட் கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்பதில்லை. தினமும் காலையில் சாவி கொடுத்து, சங்கிலியில் கோத்து, பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கடிகாரத்தில் மின்கலம் இல்லை, மின்சுற்று இல்லை. இருப்பதெல்லாம் உலோகமும் கல்லும் சில துளி எண்ணெயும்தான். ஆனாலும் முறையாகப் பழுதுபார்த்த நல்ல கடிகாரம் ஒன்று வாரத்திற்கு அரை நிமிடத்துக்குமேல் தவறாமல் ஓடக்கூடும்.

இது எவ்வளவு துல்லியம் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் 6,04,800 வினாடிகள். அதில் 30 வினாடி பிசகு என்றால் ஏறத்தாழ 20,000 பங்கில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தூரத்தை அளந்து 5 சென்டிமீட்டர் மட்டுமே தவறுவதற்கு இது சமம்.

சக்கரமும் சுருளும்

கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது இடமும் வலமுமாக ஓயாமல் ஆடும் ஒரு சக்கரம். இதைச் சமன்சக்கரம் என்போம். அதன் நடுவில் தலைமுடியைப்போல் மெல்லிய எஃகுச் சுருள்வில் ஒன்று இருக்கிறது. சக்கரம் ஒரு பக்கம் திரும்பும்போது சுருள் இறுகி, அதைத் திரும்ப இழுக்கிறது. வந்த வேகத்தில் சக்கரம் மறுபக்கம் போய்விடும், சுருள் மீண்டும் இழுக்கும். சுவர்க்கடிகாரத்தின் ஊசலில் புவியீர்ப்பு செய்யும் வேலையைப் பாக்கெட் கடிகாரத்தில் இந்தச் சுருள் செய்கிறது. அதனால்தான் அதைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் நிற்காமல் ஓடுகிறது.

படிவம் நான்கு இயற்பியலில் நிலைமத் தராசு பரிசோதனையைச் செய்தவர்களுக்கு இது பழகிய விஷயம். தட்டில் பொருண்மை கூடக் கூட ஆட்டம் மெதுவாகும். இங்கேயும் அதே கதைதான். சமன்சக்கரத்தின் சுழல்நிலைமம் கூடினால் ஓர் ஆட்டத்திற்கு ஆகும் நேரம் கூடும். சுருளின் விறைப்பு கூடினால் அந்த நேரம் குறையும். சுழல்நிலைமத்தை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். ஆட்டக்காலம் அதற்கு நேர்விகிதமாக இருக்கும். ஆட்டம் பெரிதா சிறிதா என்பது, இலட்சிய நிலையில், இந்தக் கணக்கில் வரவே வராது. முதன்மைவில் காலையில் முழுப் பலத்தோடு தள்ளினாலும் மறுநாள் சற்றுத் தளர்ந்து தள்ளினாலும் கடிகாரம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்களில் பெரும்பாலானவை வினாடிக்கு 5 முறை 'டிக்' என்கின்றன. மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000. ஒவ்வொரு 'டிக்'கிலும் பல்சக்கரத்தின் ஒரு பல் விடுபட்டு, சமன்சக்கரத்துக்கு ஒரு சின்ன உந்துதல் தந்துவிட்டு நகர்கிறது. இப்படி ஓராண்டில் 15 கோடி தடவைக்குமேல் உரசினால் சாதாரண உலோகத் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் அச்சுமுனைகள் சுழலும் இடங்களில் மாணிக்கம், நீலம் போன்ற கடினமான கற்களைப் பதித்தார்கள். முகப்பிலோ உட்பொறியிலோ '17 ஜூவல்', '21 ஜூவல்' என்று எழுதியிருப்பது இதைத்தான். அழகுக்காக வைத்த கற்கள் அல்ல அவை. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு அவை மலிவாகவும் ஆகிவிட்டன. எனவே "இருபத்தொரு ரத்தினம் பதித்தது" என்று யாராவது விலையைக் கூட்டிச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

நான்கு நிமிடம் தந்த பாடம்

வாரத்திற்கு 30 வினாடி என்ற எண் இரத்தத்தில் எழுதப்பட்டது. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் என்ற சிற்றூர் நிலையத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஒன்று அஞ்சல் ஏற்றி வந்த விரைவு ரயில், மற்றொன்று சாதாரணப் பயணிகள் ரயில். அஞ்சல் ரயில் வருமுன் பயணிகள் ரயில் பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது உத்தரவு. அது ஒதுங்கி முடிப்பதற்குள் மோதல் நடந்துவிட்டது. அஞ்சல் ஊழியர்கள் உட்படப் பலர் மாண்டனர். பயணிகள் ரயில் ஓட்டுநரின் கடிகாரம் வழியில் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடத் தொடங்கியதே காரணம் என்பது அன்றுமுதல் பரவலாகச் சொல்லப்படும் விவரம்.

அக்காலத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் ரயில்கள் ஒன்றையொன்று கடந்தது பெரும்பாலும் கால அட்டவணையையும் கடிகாரத்தையும் நம்பித்தான். அந்த இருப்புப்பாதை நிறுவனம் கிளீவ்லாந்து நகரத்து நகை, கடிகார வணிகர் வெப் பால் என்பவரைத் தன் கடிகாரங்களைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளராக நியமித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்க ரயில்வே கடிகாரத்திற்கான விதிகள் படிப்படியாக இறுகின. மூடி இல்லாத திறந்த முகப்பு. தூரத்திலிருந்தும் தெரியும் தடித்த எண்கள். குறைந்தது 17 கல். ஐந்து நிலைகளில் சோதனை. வாரத்திற்கு 30 வினாடிக்குள் பிசகு. அளவு 16 அல்லது 18 ஆக இருக்க வேண்டும். அமெரிக்க அளவுமுறையில் ஒவ்வோர் எண்ணும் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கைக் குறிக்கும். 16ஆம் அளவு உட்பொறியின் குறுக்களவு 1.7 அங்குலம், அதாவது சுமார் 43 மில்லிமீட்டர்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விதி நேரம் மாற்றும் முறை பற்றியது. சாதாரணக் கடிகாரத்தில் தலைத்திருகை வெளியே இழுத்துத் திருப்பினால் முள் நகரும். பையிலிருந்து எடுக்கும்போது திருகு தற்செயலாக இழுபட்டால்? சாவி கொடுப்பதாக நினைத்து நேரத்தையே மாற்றிவிடுவோம். ஆகவே ரயில்வே கடிகாரத்தில் முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றி, முகப்பின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்பை நகத்தால் இழுத்த பிறகே முள்ளை நகர்த்த முடியும். மனிதக் கை தவறும் என்று எதிர்பார்த்தே இதை அமைத்திருக்கிறார்கள்.

வெப்பம் என்னும் எதிரி

ரயில்வே விதிகளிலேயே கடினமானது வெப்பம் பற்றியது. 34 முதல் 100 பாகை ஃபாரன்ஹீட் வரை, அதாவது சுமார் 1 முதல் 38 பாகை செல்சியஸ் வரை, கடிகாரம் ஒரே சீராக ஓட வேண்டும்.

எஃகுச் சுருள் சூடேறினால் அதன் விறைப்பு குறையும். சமன்சக்கரமும் சற்று விரியும். இரண்டுமே ஆட்டத்தை மெதுவாக்கும். ஈடுசெய்யும் அமைப்பு எதுவும் இல்லாத கடிகாரம் ஒரு பாகை செல்சியஸ் உயர்வுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 வினாடி பின்தங்கும். 37 பாகை வேறுபாட்டுக்கு 407 வினாடி. ஏறத்தாழ ஏழு நிமிடம். கிப்டனில் பேசப்பட்டதோ நான்கு நிமிடம்தான்!

இதைச் சரிசெய்ய, சமன்சக்கரத்தின் விளிம்பை இரண்டு உலோகங்களால் செய்தார்கள்: உட்பக்கம் எஃகு, வெளிப்பக்கம் பித்தளை, இரண்டும் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டப்பட்டவை. பிறகு விளிம்பை இரண்டு இடங்களில் வெட்டிவிட்டார்கள். பழைய கடிகாரத்தைத் திறந்து பார்ப்பவர்கள் சிலர் இந்த வெட்டைப் பார்த்து, "ஐயோ, சக்கரம் உடைந்திருக்கிறதே!" என்று பதறுவதுண்டு. உடையவில்லை, வேண்டுமென்றே வெட்டியது. சூடேறும்போது பித்தளை எஃகைவிட அதிகம் நீள்கிறது. வெளிப்பக்கம் நீண்டால் வெட்டுப்பட்ட முனைகள் உள்நோக்கி வளையும். விளிம்பில் பொருத்தியிருக்கும் சிறு திருகாணிகளும் மையத்தை நெருங்கும். சுழல்நாற்காலியில் சுற்றும்போது கைகளை மார்போடு அணைத்தால் வேகம் கூடுகிறதல்லவா? அதேபோல் சக்கரத்தின் சுழல்நிலைமம் குறைகிறது. சுருள் தளர்ந்ததால் வந்த மந்தத்தை இது ஈடுகட்டுகிறது. சாதாரண மின் இஸ்திரிப்பெட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டிலும் இதே ஈருலோகப் பட்டைதான் வேலை செய்கிறது.

ஈடு முழுமையானதல்ல. இரண்டு குறிப்பிட்ட வெப்பநிலைகளில் சரியாக இருந்தால் இடைப்பட்ட நிலைகளில் சில வினாடி மிஞ்சும். அந்த மிச்சத்தையும் தீர்க்க வழிகாட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் சார்ல் எத்வார் கியோம். நிக்கல் கலந்த எஃகைப் பல விகிதங்களில் ஆராய்ந்து, சூட்டில் நீளாத இன்வார், சூட்டில் விறைப்பு மாறாத எலின்வார் என்ற உலோகக் கலவைகளைக் கண்டறிந்தார். அந்த நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காக 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டுதான் ஐன்ஸ்டீனின் 1921ஆம் ஆண்டுப் பரிசு. ஒரு பக்கம் ஒளியின் இயல்பு, இன்னொரு பக்கம் கடிகாரச் சுருளுக்கான எஃகு! ஹாமில்டன் நிறுவனம் 1930களில் எலின்வார் சுருளைத் தன் ரயில்வே கடிகாரங்களில் கொண்டுவந்தது. சுருளே மாறாதபோது சக்கரத்தை வெட்ட வேண்டிய தேவையும் போயிற்று. ஆகவே ஹாமில்டன் ரயில்வே கடிகாரம் ஒன்றின் சமன்சக்கரம் வெட்டுப்பட்டதா, முழு வட்டமா என்று பார்த்தாலே அது எந்தக் காலத்தது என்பதற்கு நல்ல துப்பு கிடைத்துவிடும்.

பழையதைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாமா?

சேகரிப்பாளர்களுக்குள் ஓயாத வாதம் இது. ஓடினால் தேயும், அதனால் பூட்டி வைப்பதே நல்லது என்பார்கள் சிலர். என் கருத்து வேறு. காரணம் வால்தம் தொழிற்சாலை.

1850இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏரன் டெனிசன் முதலியோர் தொடங்கிய இந்த நிறுவனம் சில ஆண்டுகளில் வால்தம் ஊருக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்புவரை, ஒரு கடிகாரத்தின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றையும் கைவினைஞர் அரத்தால் தேய்த்துப் பொருத்துவார். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் உறுப்புகளை ஒரே அளவில் இயந்திரத்தால் செய்வதைப் பார்த்த டெனிசன், கடிகாரத்தையும் அப்படிச் செய்யலாம் என்று நம்பினார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியில் திருகாணிகளைத் தானே செய்து தள்ளும் வால்தம் இயந்திரம் சுவிஸ் நாட்டவரைத் திகைக்க வைத்தது. லோன்ஜின் நிறுவனப் பொறியாளர் ஜாக் டேவிட் அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம் நாட்டாருக்கு எச்சரிக்கை அறிக்கையே எழுதினார்.

அதன் பலனை இன்றைய சேகரிப்பாளர் அனுபவிக்கிறார். ஒரே மாதிரியில் இலட்சக்கணக்கில் செய்த கடிகாரம் என்பதால், ஓடாத ஒன்றிலிருந்து உறுப்பைக் கழற்றி ஓடும் ஒன்றில், சிறு திருத்தத்தோடு, பொருத்திவிடலாம். ஆகவே பரவலாகக் கிடைக்கும் மாதிரிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மிக அரியவற்றைத்தான் ஓய்வில் விட வேண்டும்.

கடிகாரத்தின் வயதை அறிய உட்பொறியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும், கூட்டின் எண்ணை அல்ல. அன்று வாங்குபவர் கடையில் உட்பொறியை ஒன்றாகவும் கூட்டை வேறொன்றாகவும் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் பொருத்தித் தருவார். தங்கக் கூடுகள் பல உருக்கப்பட்டு, உட்பொறிகள் அநாதைகளாய்க் கிடப்பதும் இதனால்தான். கூட்டின் பளபளப்பில் மயங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

தினமும் அணிபவர்களின் பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அறிவியல் இருக்கிறது. காலையில், ஒரே நேரத்தில், திருகு நிற்கும்வரை சாவி கொடுப்பார்கள். அதிகமாகச் சாவி கொடுத்தால் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை. வில்லின் பலம் முழுமையாக இருக்கும் நேரமும், கடிகாரம் பையில் குலுங்கும் பகல் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும் என்பதற்காகவே காலை நேரம். சங்கிலி அலங்காரத்துக்கு மட்டுமல்ல. சமன்சக்கரத்தின் அச்சுமுனை சுமார் 0.1 மில்லிமீட்டர் பருமன்தான். பழைய கடிகாரத்தில் அதிர்வு தாங்கும் அமைப்பு கிடையாது. ஒரே ஒரு முறை சிமெண்டுத் தரையில் விழுந்தால் அந்த முனை முறிந்துவிடும்.

இரவில் எப்படி வைப்பது என்பதிலும் நுட்பம் உண்டு. கடிகாரம் நிமிர்ந்திருக்கும்போது சமன்சக்கரத்தின் அச்சு பக்கவாட்டில் கல்லை உரசுகிறது. மல்லாந்து கிடக்கும்போது முனையின் நுனி மட்டுமே கல்லில் நிற்பதால் உராய்வு குறைந்து ஆட்டம் பெரிதாகிறது. உண்மைக் கடிகாரம் இலட்சியக் கடிகாரம் அல்ல என்பதால் வேகமும் சற்று மாறும். முகப்பு மேலே, முகப்பு கீழே, திருகு மேலே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று ரயில்வே கடிகாரத்தை ஐந்து நிலைகளில் சோதித்தது இதற்காகவே. கெட்டிக்காரச் சேகரிப்பாளர் இதையே சாதகமாக்கிக்கொள்வார். பகலில் சில வினாடி பின்தங்கும் கடிகாரத்தை, அது முந்தி ஓடும் நிலையில் இரவு முழுதும் வைத்து மறுநாள் காலை சமன்செய்துவிடுவார்.

நம்முடையதைப் போன்ற ஈரப்பதமான நாடுகளில் எஃகுச் சுருளுக்குத் துரு பெரிய பகை. இந்தக் கூடுகள் நீர்புகாதவை அல்ல, வியர்வையே போதும். இன்னொரு பகை நம் காலத்துக்கே உரியது: காந்தம். கைப்பேசியின் ஒலிபெருக்கி, பலகைக் கணினியின் உறை, கைப்பையின் பொத்தான் எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. எஃகுச் சுருள் காந்தமானால் அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானதுபோல் ஆகி, கடிகாரம் மணிக்குப் பல நிமிடம்கூட முந்தி ஓடும். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று தலைதெறிக்க ஓடினால், சிறிய திசைகாட்டியை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். கடிகாரத்தின் துடிப்போடு சேர்ந்து காந்த ஊசியும் நடுங்கினால் நோய் என்னவென்று தெரிந்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

1910களிலிருந்து சில கடிகாரங்கள் இருட்டில் ஒளிரும் முகப்போடு விற்கப்பட்டன. இங்கர்சால் நிறுவனத்தின் 'ரேடியோலைட்' அவற்றில் பேர்பெற்றது. எண்களிலும் முட்களிலும் பூசியது ரேடியம் கலந்த சாயம். இன்று அது ஒளிராது, பழுப்பேறிக் கிடக்கும். ஒளிராததால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கெட்டுப்போனது ஒளியை உமிழ்ந்த துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம்-226இன் அரைவாழ்வு 1,600 ஆண்டு என்பதால் நூறு ஆண்டில் அதில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. உதிரும் தூளை மூச்சோடு இழுத்தால் உடலுக்குள் போய்விடும். எனவே தடித்த சாயம் பூசிய எண்கள் உள்ள பழைய கடிகாரம் தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைத்தால் அதைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லுங்கள். ரயில்வே கடிகாரங்களில் பெரும்பாலானவற்றின் முகப்பு எனாமலில் வெறும் கறுப்பு எண்கள்தான். அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பாக்கெட் கடிகாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாவி கொடுக்கும் மேசைக்கடிகாரமோ சாதாரணச் சுவர்க்கடிகாரமோ வினாடி முள்ளோடு இருந்தால் போதும். தினமும் ஒரே நேரத்தில் கைப்பேசி காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று குறித்து வாருங்கள். இடையில் நேரத்தைத் திருத்தக் கூடாது. குவார்ட்ஸ் சுவர்க்கடிகாரம் என்றால் ஒரு மாதமாவது தேவைப்படும். அதற்குள் இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்வதால் பிசகு மெல்லத்தான் தலைகாட்டும்.

பிறகு இந்தக் கணக்கைப் பாருங்கள். 'அ' என்ற கடிகாரம் ஐந்து நாளில் முறையே 6, 7, 5, 8, 5 வினாடி முந்தியது. 'ஆ' என்ற கடிகாரம் முதல் நாள் 20 முந்தியது, அடுத்த நாள் 15 பிந்தியது, பின்னர் 12 முந்தியது, 18 பிந்தியது, கடைசி நாள் 4 முந்தியது. ஐந்தாம் நாள் முடிவில் 'அ' 31 வினாடி தவறாகக் காட்டும். 'ஆ' 3 வினாடி மட்டுமே. ஆனால் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இரண்டையும் கொடுத்தால் அவர் 'அ'வைத்தான் நல்ல கடிகாரம் என்பார். அதன் வேகத்திருத்தியைச் சிறிதளவு நகர்த்திவிட்டு அரை நிமிடத்தில் உங்களிடம் திருப்பித் தந்துவிடுவார். 'ஆ'வைக் கழற்றிப் பார்க்க வாரக்கணக்கில் நேரம் கேட்பார். ஏன் என்று உங்கள் பரிசோதனைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.